பாவைத் தாண்டாத புட்டி

என் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன் என்று எங்கள் தறிக்காரத் தெருவில் இன்றும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தத் தங்கத்தை உரசிப் பார்த்தவள் நான்.

தலைப்பிள்ளைக்கு ஏழாம் மாதம். கால் வீங்கியது, பிறகு முகமும் வீங்கியது. சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினார். விழுந்த குழி எழும்பவில்லை. ஒரு புட்டியைக் கொடுத்தார்.

"காலையில மொதல்ல போற மூத்திரத்தை இதுல பிடிச்சு அனுப்பும்மா. காய்ச்சிப் பார்க்கணும். வெள்ளையாத் திரிஞ்சா, மூத்திரத்தைப் பிரிக்கிற குண்டிக்காய் கெட்டிருக்குன்னு அர்த்தம். அப்ப இங்கயே வந்து படுத்துடணும். இல்லைன்னா உனக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து."

மறுநாள் விடிந்ததும் புட்டியைத் துணியில் சுற்றி வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். மதியம் திரும்பி வந்தார்.

"காய்ச்சிப் பாத்தாங்க. தெளிவா இருக்குதாம். ஒன்னுமில்ல புள்ள, வேலையைப் பாரு."

நம்பினேன். வீங்கின காலோடு ராட்டை முன் உட்கார்ந்து, தறிக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றினேன். தலை பிளந்தது, மிளகை அரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டேன். ஒரு நாள் ராட்டையின் மேலேயே சாய்ந்துவிட்டேன். கைகாலெல்லாம் வெட்டி இழுத்ததாம்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வயிறு காலியாக இருந்தது. பிள்ளை செத்தே பிறந்ததாம். கட்டிலருகே டாக்டரம்மா ஒரு கண்ணாடிக் குழாயை அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார். உள்ளே வெந்த முட்டை மாதிரி வெள்ளையாக இறுகியிருந்தது.

"இது இந்தப் பொண்ணோடது. அன்னிக்கு நீங்க கொண்டுவந்தது தெளிஞ்ச தண்ணியா இருந்ததே, எப்படி?"

அவர் தலையைச் சொறிந்தார். "தெருவுல தறிக்குப் பாவு நூலை நீளமா விரிச்சுக் கஞ்சி போட்டுட்டு இருந்தாங்க. அசுத்தத்தோட பாவைத் தாண்டுனா இழை அறுமுங்க. வாசல்லயே ஊத்திட்டனுங்க."

"அப்ப எனக்குக் குடுத்தது?"

"இங்க வந்து என்னோடதைப் பிடிச்சுக் குடுத்தனுங்க. எல்லாம் ஒரே ஊட்டுதுதானுங்களே."

டாக்டரம்மா குழாயைக் கட்டிலருகே வைத்துவிட்டு வெளியே போனார். என்னால் எழ முடிந்திருந்தால் அந்தக் குழாயை என் வீட்டுக்காரர் மூஞ்சியில் வீசியிருப்பேன். பாவுக்கு முன் சுத்தம் பார்ப்பது எனக்குத் தெரியாத வழக்கமா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால், புழக்கடைச் சந்து வழியாகப் போங்கள் என்று சொல்லியிருப்பேன். அந்தச் சந்தில் அவர் தினமும் பீடி குடிக்கப் போகிறவர்தான்.

அந்தப் பாவில் ஓர் இழைகூட அறவில்லை. அதில் நெய்த சேலை ஒன்றை மடித்து எனக்கென்று கொண்டுவந்து வைத்தார். கிழித்து, அடுப்பு மேடை துடைக்க வைத்துக்கொண்டேன்.