சவுக்கு மரத்தில் கட்டிய கிளிகள்

திருமணமாகி வந்த முதல் டிசம்பரில், கிறிஸ்துமஸ் மரம் வெட்டப் போகலாம் வா என்று கணவர் கூப்பிட்டபோது எனக்கு இருபத்து மூன்று வயது. கோலசிலாங்கூருக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் அவர் கிராணி, ஆபீசில் கணக்கெழுதுபவர். ஆபீசுக்குப் பின்னால் இருந்த கிராணி வீட்டில் அவரும் அவருடைய அம்மாவும் நானும் இருந்தோம். அவர்கள் தாத்தா காலத்திலிருந்தே கத்தோலிக்கர்கள். நான் கெர்லிங் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்து வீட்டில் பிறந்தவள். பள்ளி நாட்களிலேயே அம்மா இறந்துவிட்டார். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அப்பாதான் என்னை வளர்த்தார்.

கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் பெற்றேன். அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "நீ போற எடத்துல நல்லா இரு, போதும்" என்றார். ஆனால் கல்யாணத்துக்கு வரவில்லை. மாதா கோயிலில் அவரைத் தவிர எல்லாரும் இருந்தார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் சுங்கை புரோங் பக்கம் போனோம். கணவருக்குப் பழக்கமான ஒரு மலாய்க்காரரின் நிலத்தில், வாய்க்கால் ஓரமாகச் சவுக்குக் கன்றுகள் நிறைய நின்றன. பிடித்ததை வெட்டிக்கொள்ளச் சொன்னார். நான் ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒன்று கீழே அடர்ந்து மேலே மொட்டையாக இருந்தது. இன்னொன்று நேராக இருந்தாலும் வெளிறிப் போயிருந்தது. கடைசியில் என் உயரத்துக்கு ஒரு சாண் கூடுதலாக இருந்த ஒன்றைக் காட்டினேன்.

"கொஞ்சம் கோணலா இருக்கே" என்றார் கணவர்.

"கோணல சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிரலாம்."

அவர் சிரித்துக்கொண்டே வெட்டினார். மரத்தைக் குறுக்கே மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தேன். வழியெல்லாம் இலை கழுத்தில் குத்தியது. அந்தப் பயணம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்து எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

மாமியார் அப்போது கிள்ளானில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மரத்துக்குப் போடும் கண்ணாடி உருண்டைகளும் ஜிகினாவும் அவருடைய அலமாரியில் இருந்தன. எப்போதோ ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையம்மா கொடுத்துவிட்டுப் போனவை. அலமாரி பூட்டியிருந்தது, சாவி அவரோடு போயிருந்தது. "அம்மா வந்து போட்டுக்குவாங்க" என்றார் கணவர். நான்தான் கேட்கவில்லை. என் வீட்டில் நான் வைக்கும் முதல் மரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டுவது அப்பாவின் வேலை. குருத்தோலையில் கிளி செய்வார், குஞ்சம் செய்வார், பாம்பு மாதிரி நெளியும் பின்னல் செய்வார். பக்கத்தில் உட்கார்ந்து எனக்கும் கை பழகியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த குட்டைத் தென்னையில் குருத்து அறுத்து, இரண்டு நாள் மத்தியானத்தில் முப்பதுக்கு மேல் கிளிகள் செய்தேன். பிஸ்கட் தகரத்தில் மணல் கொட்டி மரத்தை நட்டு, தகரத்தைச் சுற்றிச் சிவப்புக் காகிதம் ஒட்டினேன். கரும்பச்சைச் சவுக்கில் அந்த வெளிர்மஞ்சள் கிளிகள் எடுப்பாகத் தெரிந்தன. உச்சிக்குச் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளில் நட்சத்திரம் வெட்டி வைத்தேன். வேலை முடிந்து வந்த கணவர் வாசலிலேயே நின்று பார்த்தார்.

"ஒனக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றார்.

அன்று மாலையே அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். நீங்கள் செய்கிற மாதிரியே கிளி செய்து மரத்தில் கட்டியிருக்கிறேன், கிறிஸ்துமஸ் அன்று வந்து பாருங்கள் என்று எழுதினேன்.

மாமியார் இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம் வந்து சேர்ந்தார். அவர் ஒருபோதும் சத்தம் போட்டுப் பேசுபவர் அல்ல. அதனால்தான் அவருக்குப் பதில் சொல்வது கஷ்டம். பையைக் கீழே வைக்காமலே மரத்தைப் பார்த்தார்.

"நீ செஞ்சியாம்மா?"

"ஆமா அத்தை."

"கைவேலை நல்லாத்தான் இருக்கு. ஆனா சாமிப் பந்தல் மாதிரி இருக்குலா. ஃபாதர் வர்ற வீடு இல்லையா" என்றார். பிறகு முகம் கழுவப் போய்விட்டார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தேன். மரத்தில் ஒரு கிளிகூட இல்லை. மாமியார் நாற்காலியில் ஏறி நின்று கண்ணாடி உருண்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். கணவர் கீழே நின்று, பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. சிவப்புக்குப் பிறகு நீலம், நீலத்துக்குப் பிறகு வெள்ளி என்று கவனமாக எடுத்துக் கொடுத்தார்.

கிளிகள் பின்கட்டில் குப்பை எரிக்கும் இடத்தில் கிடந்தன. பாதி எரிந்தும் எரியாமலும் இருந்தன. ஈர ஓலை சீக்கிரம் எரியாது. அடுப்படிக்குப் போய் முறுக்கு மாவு பிசைந்தேன்.

அப்பா வருவார் என்று நான் நம்பவில்லை. வந்தார். கிறிஸ்துமஸ் அன்று காலைப் பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பிக் கொஞ்ச நேரத்தில், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஒரு சீப்பு பிசாங் மாஸ் வாழைப்பழத்தோடு வாசலில் நின்றார். ரவாங்கில் பஸ் மாறி, பெரிய ரோட்டுச் சந்திப்பிலிருந்து வெயிலில் நடந்து வந்திருந்தார். மாமியார் "வாங்க சம்பந்தி" என்று மரியாதையாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஃபாதரும் அதற்குள் வந்திருந்தார். ஆபீசிலிருந்து இரண்டு பேர் குடும்பத்தோடு இருந்தார்கள்.

அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து மரத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை பார்த்தார்.

"கிளி எங்க பாப்பா?"

வீட்டில் எல்லாரும் கேட்கும்படிதான் கேட்டார். மெதுவாகப் பேசத் தெரியாதவர். மாமியார் ஃபாதருக்குக் கேக் வைத்துக்கொண்டிருந்தார். கணவர் என்னைப் பார்த்தார், நான் என்ன சொல்லப் போகிறேனோ என்று.

"காஞ்சி போச்சிப்பா. நான்தான் எடுத்துட்டேன்" என்றேன்.

குருத்தோலை நான்கைந்து நாளில் அப்படிக் காய்ந்து உதிர்ந்துவிடாது. அது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். "சரி சரி" என்று தலையாட்டினார். சாப்பிடக் கை கழுவப் பின்பக்கம் போய் வந்தார். குப்பை மேட்டைத் தாண்டித்தான் தண்ணீர்க் குழாய்க்குப் போக வேண்டும். திரும்பி வந்து போட்டதையெல்லாம் சாப்பிட்டார். மாமியார் இன்னும் கொஞ்சம் கோழிக்கறி வைத்தபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கறி நல்லா இருக்குதுங்க என்றார்.

பஸ் நிற்கும் இடம்வரை நான் கூட நடந்தேன்.

"அவங்க வீட்டு மரம். அவங்க இஷ்டத்துக்குக் கட்டுவாங்க. அதுல தப்பில்ல" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"நீ எனக்கு எழுதாம இருந்திருக்கலாம்."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னல் பக்கம் உட்காராமல் மறுபக்கம் போய் உட்கார்ந்தார்.

அடுத்த நாள் கணவரிடம் கேட்டேன். "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அம்மாவுக்கு வயசாயிருச்சி. ஒரு மரந்தானே" என்றார். அவர் கெட்டவர் இல்லை. இன்றைக்கும் இல்லை.

மறு வருஷம் கிள்ளானிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மரம் வாங்கி வந்தார்கள். மாமியாருக்கு மூட்டு வலி, நாற்காலியில் ஏற முடியவில்லை. அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்து, "நீயே போடும்மா" என்றார். எனக்கு ஏழாம் மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி, அவர் போட்ட வரிசையிலேயே போட்டேன். சிவப்பு, நீலம், வெள்ளி. ஓரிடத்திலும் தவறவில்லை. ஃபாதர் வந்தபோது, "மருமகதான் எல்லாம் செஞ்சது, நல்லாக் கத்துக்கிட்டா" என்று மாமியார் சொன்னார். எனக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அடக்க முயன்றும் முடியவில்லை.

அந்த வருஷம் அப்பாவுக்கு நான் கடிதம் எழுதவில்லை. குழந்தை பிறந்தபோது வந்து பார்த்தார், ஒரு மணி நேரம் இருந்தார். கிறிஸ்துமஸுக்கு அதற்குப் பிறகு அவர் வந்ததே இல்லை. நானும் கூப்பிடவில்லை.