மீனுக்கு வைத்த பேர்

ராயபுரத்து அச்சகத்தில் கம்பாசிட்டர் சவரிமுத்துவுக்கு இங்கிலீஷ் பேச வராது. ஆனால் அச்செழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கோப்பான். இங்கிலீஷ் பெரிய எழுத்துகள் மேல் பெட்டியில், சின்ன எழுத்துகள் கீழ்ப் பெட்டியில். காப்பியில், அதாவது எழுதிக் கொடுத்த பிரதியில், உள்ளபடி கோக்க வேண்டும், சொந்த மூளையை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்பது அங்கே சட்டம். பதினோரு வருஷம் அவன் அந்தச் சட்டத்தை மீறியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் மீன் ஆராய்ச்சி டாக்டர் ஒருவரின் இங்கிலீஷ் கட்டுரை அச்சுக்கு வந்தது. வலையில் விழும் விசித்திர மீன்களையெல்லாம் ஆறு வருஷமாக அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் சவரிமுத்துவின் அப்பா இன்னாசி. எண்ணூர் கழிமுகத்தில் இன்னாசி பிடித்த ஒரு புது மீனுக்கு இன்னாசியின் பேரையே வைத்திருந்தார் டாக்டர். இன்னாசிக்கு அது தெரியாது. காப்பியில் அந்தப் பேரைக் கண்டதும் சவரிமுத்துவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நொடியே வயிறு எரிந்தது. மீனின் விஞ்ஞானப் பேரில் இரண்டு சொல். முதல் சொல்லுக்குப் பெரிய எழுத்து, அப்பா பேர் வரும் இரண்டாம் சொல்லுக்குச் சின்ன எழுத்து, பக்கத்திலேயே டாக்டர் பேருக்குப் பெரிய எழுத்து! எந்த ஊர் நியாயம் இது?

சவரிமுத்து மேல் பெட்டியில் கை வைத்தான். புரூஃப் பார்க்கும் சுப்புராயன் சிவப்பு மசியால் அடித்தார். மறுபடியும் பெரிய எழுத்தையே கோத்தான். மூன்றாம் முறை சுப்புராயன் நேரே வந்து நின்றார்.

"இன்னாடா, திமிரா? காப்பியப் பாத்துக் கோக்க மாட்டே?"

"எங்க நைனா பேரு சார் அது."

"உங்க நைனா இன்னா கவர்னரா?"

சாயங்காலம் டாக்டரே வந்தார். "உலகம் பூரா இதுதாம்ப்பா வழக்கம். ராஜா பேரை வெச்சாலும் சின்ன எழுத்துதான்."

"அப்ப ஒங்க பேரு மட்டும் பெருசா கீது?"

"அது மீனுக்குப் பேர் வெச்சவரோட பேரு."

"புடிச்சவனுக்குச் சின்னது, பேரு வெச்சவருக்குப் பெருசா? நல்லா கீது சார் ஒங்க வழக்கம்!"

டாக்டரின் முகம் சுண்டிப்போயிற்று.

"மாத்து. இல்லாட்டி வெளியே போ," என்றார் சுப்புராயன். கோத்த வரியை மேஜைமேல் கொட்டிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தான் சவரிமுத்து.

இன்னாசி கரையில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னான் மகன். அப்பா முதுகில் தட்டிக் கொடுப்பார் என்றுதான் நினைத்தான், பாவம்.

"எந்த மீனு?" என்று கேட்டார் இன்னாசி.

"சேத்துல கெடக்குமே நைனா, முட்டக்கண்ணு, வழவழன்னு..."

"அந்தக் கலீஜ் மீனா? பூனகூட மோந்து பாக்காதுடா! அதுக்கா எம் பேர வெச்சான்? அதப் பெருசா வேற போடணும்னு சண்ட போட்டு, வேலயையும் வுட்டுட்டு வந்து நிக்கிறியா?" இன்னாசி வலையை மணலில் வீசினார். "காலைல போயி அவங்க கால்ல வுழு. எம்மாஞ் சின்னதா போட முடியுமோ அம்மாஞ் சின்னதா போடு. எவன் கண்ணுலயும் படக் கூடாது."

மறுநாள் போனான். அவன் பெட்டிக்கு முன்னால் வேறொருத்தன் நின்றுகொண்டிருந்தான். அந்த வரியைக் காப்பியில் உள்ளபடி தப்பில்லாமல் கோத்து முடித்திருந்தான்.