ஜீப்பில் படுத்துப் பார்த்தவர்

திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலுக்குப் பின்புறம், ஒரு மாட்டுக் கொட்டகைக்கும் சோடாக் கடைக்கும் நடுவே இருந்த தகரக் கூரைதான் ஷரஃபுதீனின் பட்டறை. பெயர்ப் பலகை கிடையாது. ஆனாலும் யுத்தம் முடிந்து பட்டாளத்தார் கழித்துவிட்ட ஜீப்புகள் பட்டணத்துத் தெருக்களில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து, அவற்றை வாங்கியவர்கள் விசாரித்துக்கொண்டு அந்தச் சந்துக்குத்தான் வந்தார்கள். யுத்தம் முழுவதும் அவர் மணிப்பூர் மலைப்பாதைகளில் காயம்பட்டவர்களை ஏற்றிச் செல்லும் வண்டி ஓட்டியவர். ஜீப்பைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிப் பழகிய கை. உயரமான மனிதர், பேச்சு குறைவு. வண்டி வந்து நின்றால் உடனே என்ஜின் மூடியைத் திறக்க மாட்டார். சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவந்து, நான்கு மூலையிலும் கையை வைத்து அழுத்திப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார்.

நாற்பத்தேழாம் வருஷம், மழைக்காலம் தொடங்குமுன் டாக்டர் நீரஜா தன் ஜீப்பை அவரிடம் கொண்டுவந்தாள். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவள். அடையாறில் பிரசவ வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடையாறுக்குத் தெற்கே அப்போது பாதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. திருவான்மியூர் தாண்டினால் மணலும் பனையும் குப்பங்களும்தான். பிரசவம் சிக்கலானால் பெண்ணைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நடந்து வருவார்கள். சில சமயம் கட்டில் வந்து சேரும்போது காலம் கடந்திருக்கும். அதற்காகத்தான் அவள் தன் அண்ணாவைப் பிடித்து ஏலத்தில் ஒரு ஜீப் எடுத்திருந்தாள். தானே ஓட்டவும் கற்றுக்கொண்டாள்.

"இதுல ஒரு பொம்மனாட்டிய நீட்டிப் படுக்க வெக்கணும், பாய். மேலே கூரை வேணும். மருந்து, தண்ணி எல்லாம் வெக்க இரும்பு அலமாரி ஒண்ணும் வேணும். முடியுமா?" என்று கேட்டாள்.

"முடியும் டாக்டரம்மா. வுட்டுட்டுப் போங்க" என்றார் ஷரஃபுதீன்.

ஆசை ஆசையாகச் செய்தார். ஜீப்பின் பின்பக்கத்தை நீட்டி, தகரத்தில் கூரை போட்டு, ஓரங்களை வளைத்து, வெள்ளை வர்ணம் அடித்தார். படுக்கையைப் பின்வாசல் வழியாக உள்ளே தள்ளினால் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. கடைசியில், வாசலை ஒட்டி, இரும்பு அலமாரி. எல்லாம் ஏறியதும் வண்டியின் பின்புறம் தரையைப் பார்த்துத் தொங்கிவிட்டது. அதற்கும் அவரிடம் வழி இருந்தது. லாரியிலிருந்து கழற்றிய தடித்த ஸ்ப்ரிங் பட்டைகளை ஜீப்பின் பட்டைகளோடு சேர்த்துக் கட்டினார். லொடலொடவென்று சத்தம் வரக்கூடாது என்று எல்லா மூட்டுகளையும் இறுக்கினார். வண்டி நிமிர்ந்து நின்றது. சந்தில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த வண்டியில் முதலில் ஏறியவள் கொட்டிவாக்கம் குப்பத்துக் கன்னிம்மா. தலைச்சன் பிள்ளை, வலி கண்டு நெடுநேரமாகியும் குழந்தை இறங்கவில்லை. கணவன் அய்யாதுரையும் மாமியாரும் அவளைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். மணல் தாண்டுமட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். செம்மண் ரஸ்தாவுக்கு வந்ததும் ஒவ்வொரு குழிக்கும் அலறினாள். அடையாற்றுப் பாலத்துக்கு முன்னால், "எறக்கி வுடு! செத்தாலும் நடந்தே சாவறேன்!" என்று கத்தியபடி எழுந்தே விட்டாள். அவளை மறுபடி படுக்க வைக்க யாராலும் முடியவில்லை. நல்லவேளையாக ஒரு குதிரை ஜட்கா எதிரே வந்தது. வைக்கோலைப் பரப்பி, அதில் ஏற்றி, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. காலி ஜீப் ஜட்காவின் பின்னாலேயே ஊர்ந்து போயிற்று.

மறுநாள் காலை டாக்டர் பட்டறைக்கு வந்தாள். கோபத்தை அடக்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். "நான் சீட்ல உக்காந்துண்டு ஓட்டினேன், எனக்கு அவ்வளவாத் தெரியலை. அவ பட்ட பாட்டைப் பார்த்தா, கட்டில்லயே தூக்கிண்டு வந்திருக்கலாம்னு ஆயிடுத்து."

வேறு மெக்கானிக்காக இருந்தால் ரோட்டைச் சொல்லியிருப்பான். அல்லது அந்தப் பெண்ணுக்குப் பொறுமை இல்லை என்றிருப்பான். ஷரஃபுதீன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, ஜீப்பின் பின்வாசலைத் திறந்து, உள்ளே ஏறிப் படுத்தார்.

"நீங்க ஓட்டுங்க டாக்டரம்மா. நேத்து போன அதே ரோடு, அதே வேகம். நான் கத்தினாலும் நிறுத்தாதீங்க."

அவர் கத்தவில்லை. ஆனால் திரும்பி வந்து இறங்கும்போது பின்மண்டை புடைத்திருந்தது. வீட்டில் அவர் மனைவி அஃப்சருன்னிசா உப்பு ஒத்தடம் கொடுத்தபடி, எந்த வண்டியிலிருந்து விழுந்தீர்கள் என்று கேட்டாள். தான் செய்த வண்டியிலிருந்து என்று பதில் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை. மலைப்பாதையில் தன் வண்டிக்குள் முனகிக்கொண்டு வந்த பட்டாளத்துப் பையன்களை அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தார். அவர்கள் படுத்திருந்த இடத்தில் ஒரு தடவையாவது தான் படுத்துப் பார்த்ததில்லையே என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

பிறகு ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆரம்பித்தார். ஒரே நேரத்தில் இரண்டைத் தொடுவதில்லை என்பது அவர் கண்டிப்பு. தொட்டால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போய்விடும். முதலில் டயரில் காற்றைக் குறைத்தார். சின்னக் கற்களின் அதிர்ச்சி குறைந்தது; குழியில் விழும் அடி அப்படியே இருந்தது. அடுத்து, துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர்களை ஒரு பக்கம் கழற்றித் தொங்கவிட்டு ஓட்டச் சொல்லிப் படுத்துக்கொண்டார். அதே அடி. அப்படியானால் அதன்மேல் குற்றம் இல்லை என்று திரும்பப் பூட்டினார்.

மூன்றாவதாக ஒரு வேலை செய்தார். சக்கரத்தின் அச்சு மேலே எழும்பி வந்தால் வண்டியின் சட்டத்தில் மோதாமல் தாங்க ஒரு ரப்பர் கட்டை உண்டு. அதில் மசகைத் தடவிவிட்டு ஓட்டச் சொன்னார். இறங்கிக் குனிந்து பார்த்தால் மசகு கலையவே இல்லை. மோதுவது இருக்கட்டும், அச்சு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

"ஸ்ப்ரிங் வேலையே செய்யல டாக்டரம்மா. லாரிப் பட்டை போட்டு நாந்தான் அதைக் கட்டையாக்கி வச்சிகீறேன். மூட்டையும் இறுக்கித் தொலைச்சிட்டேன். அது அசையணும். அசைஞ்சாத்தான் ஸ்ப்ரிங்."

மூட்டுகளைத் தளர்த்தினார். லாரிப் பட்டைகளைக் கழற்றினார். வண்டி மெத்தென்று ஆயிற்று. ஆனால் பின்புறம் மறுபடியும் தொங்கிற்று. பெரிய குழி வந்தால் அச்சு போய் ரப்பர் கட்டையில் 'தட்' என்று இடித்தது. இப்போது மசகு அச்சிலெல்லாம் அப்பியிருந்தது. பட்டை போட்டால் கல், எடுத்தால் இடி. பட்டையை மாற்றி மாற்றிப் பார்த்து அவர் அலுத்துப்போனதை அன்றுதான் டாக்டர் பார்த்தாள்.

"போறும் பாய். நான் வேற ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கறேன்" என்றாள்.

"ரெண்டு நாள் குடுங்க" என்றார் அவர். மறுநாள் பஸ் பிடித்து அடையாறு வந்து, அங்கிருந்து நடந்தே கொட்டிவாக்கம் போனார்.

அய்யாதுரை வலை காய வைத்துக்கொண்டிருந்தான். வந்தவர் யார் என்று தெரிந்ததும் முகத்தைச் சுளித்தான். "இன்னா பாய், இன்னொரு தபா என் பொஞ்சாதியைக் கொல்லலாம்னு வந்தியா?"

"கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்" என்றார் ஷரஃபுதீன். "எனக்கு வயித்துல புள்ள கெடையாது. அந்த வண்டியில எங்க வலிச்சிதுன்னு உன் வூட்டுக்காரி சொன்னாத்தான் தெரியும்."

குடிசைக்குள்ளிருந்து கன்னிம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையை மார்போடு அணைத்தபடி வாசலுக்கு வந்தாள். இப்படி ஒருவர் வந்து கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்துத்தான் பேசினாள்.

"காலு சும்மாத்தான் கெடந்துச்சு நைனா. தலைமாட்டுலதான் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. தலை மேல போயி விழும்போது வயிறு இழுத்துப் புடிச்சிக்கும். அந்த அலமாரி வேற காதுகிட்ட தடால் தடால்னு. பயத்துலயே பாதி உசுரு பூட்ச்சு."

ஷரஃபுதீன் மணலில் குந்தி உட்கார்ந்தார். ஒரு குச்சியால் ஜீப்பை வரைந்தார். இரண்டு சக்கரம், மேலே படுக்கை. தலைமாடு பின்சக்கரத்தையும் தாண்டி வால்பக்கம் போயிருந்தது. சக்கரம் ஒரு சாண் எழும்பினால் அங்கே தலை ஒன்றரைச் சாண் எழும்பும். அங்கேயேதான் இரும்பு அலமாரியின் பாரமும் இருந்தது. அந்தப் பாரத்தைத் தாங்கத்தான் அவர் லாரிப் பட்டை கட்டினார். தான் சோதித்ததெல்லாம் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவேதான். படுக்கை எங்கே இருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

"தாயீ, நல்லாச் சொன்னே" என்று எழுந்தார்.

பட்டறைக்கு வந்ததும் தான் வளைத்து வளைத்துச் செய்த தகரக் கூரையை அறுத்தெடுத்தார். சோடாக் கடைக்காரர் ஓடிவந்து, "இன்னா பாய், பைத்தியமா உனக்கு?" என்றார். தகரம் போன இடத்தில் கித்தான் கூரை வந்தது. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டைக் கழற்றிவிட்டு, படுக்கையை முன்னுக்குத் தள்ளினார். தலைமாடு முன்பக்கம், கால் பின்பக்கம். உடம்பின் பாரம் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே வந்துவிட்டது. படுக்கையை இரும்பில் உட்கார வைக்காமல், பழைய டயர் டியூபை வார்வாராக அறுத்து அவற்றில் தொங்கவிட்டார். அந்த வார்களுக்கு அஃப்சருன்னிசா தடித்த துணியில் உறை தைத்துக் கொடுத்தாள்.

அலமாரி விஷயத்தில் டாக்டரிடம் கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. "இரும்பு இல்லேன்னா பூட்டு நிக்காதே" என்றாள் அவள். பிறகு தானே யோசித்து, அவ்வளவு மருந்தும் வழியில் தேவைப்படாது என்று முடிவு செய்தாள். ஒரு மரப்பெட்டி போதும் என்றாள். பாரம் குறைந்ததும், உடைந்த ஒரு ஜீப்பிலிருந்து எடுத்த மெல்லிய பட்டையைப் பக்கத்துக்கு ஒன்று சேர்த்தாலே போதுமானதாயிற்று. பட்டைகளுக்கு நடுவே துருவைச் சுரண்டி மசகு தடவினார். ரப்பர் கட்டையில் தடவிய மசகு இந்தத் தடவை பெரிய குழியில் மட்டும் லேசாக ஒற்றியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டார்.

வண்டி தயாரானாலும் குப்பத்தில் யாரும் அதில் ஏறத் தயாராக இல்லை. கன்னிம்மாவின் நாத்தனாருக்குக் கால் வீங்கி, மாசம் நிறைந்து, உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றும், பெண்கள் கட்டிலைத்தான் தேடினார்கள். கன்னிம்மாதான் முன்னால் வந்தாள். "நான் மொதல்ல படுத்துப் பாக்கறேன். நல்லா இல்லேன்னா நானே சொல்றேன்" என்று ஏறிப் படுத்தாள். டாக்டர் பனந்தோப்பைச் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்தாள். இறங்கிய கன்னிம்மா, வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்கக் கூடவே வந்து பின்னால் உட்கார்ந்திருந்த ஷரஃபுதீனைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, நாத்தனாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள்.

பகல் வெயிலில் ஜீப் வடக்கே போயிற்று. மணல் முடிந்தது, செம்மண் ரஸ்தா வந்தது, பாலமும் கடந்தது. படுத்திருந்தவளின் முகம் இப்போது டாக்டரின் பக்கத்திலேயே இருந்ததால் அவள் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். சாந்தோம் கோயில் தாண்டும்போது பார்த்தால் அந்தப் பெண் கண்ணை மூடிக் கிடந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டும் அசைவில்லை. டாக்டர் சடாரென்று பிரேக்கை மிதித்து, அவள் நாடியைப் பிடித்தாள்.

"பாய், இவ கண்ணத் தொறக்க மாட்டேங்கறா!"

அந்தப் பெண் மெதுவாக விழித்துச் சுற்றும்முற்றும் பார்த்தாள். வாயோரத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னா டாக்டரம்மா, ஆஸ்பத்திரி வந்துட்ச்சா? கொஞ்சம் அசந்துட்டேன்" என்றாள்.

டாக்டர் சிரித்தாளா அழுதாளா என்று பின்னால் இருந்தவருக்குத் தெரியவில்லை. ஷரஃபுதீன் கித்தானை விலக்கி, கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஓட்டுங்க டாக்டரம்மா. பொண்ணு தூங்கட்டும்" என்றார்.