ஒரே ஃபைலில் இரண்டு வாய்

மைக்கு என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் கல்யாணப் பேச்சு நடந்தபோது. தரகர் எங்கள் வீட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். மாப்பிள்ளைக்குக் காகித ஆலையில் வேலை, அப்பா இல்லை, அம்மாவுக்குக் காது மந்தம், பஸ் நிலையத்துக்குப் பின்னால் சொந்த வீடு. கடைசியாக, "ஒரு தங்கச்சி இருக்குது. பேரு ஏதோ வெச்சாங்க, இப்ப எல்லாரும் மைக்குன்னுதான் கூப்பிடுறாங்க" என்றார்.

"அம்மாவுக்குக் காது மந்தம், மகளுக்கு மைக்கு. பொருத்தமான குடும்பம்தான்" என்றார் என் அப்பா.

பஸ் நிலையத்தில் எந்த வண்டி எப்போது கிளம்பும், எந்த மேடையில் நிற்கும் என்று ஒலிபெருக்கியில் சொல்வதுதான் அவள் வேலை. கல்யாணம் முடிந்து அந்த ஊரில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும், என் வீட்டுக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தூணில் கட்டியிருந்த குழாயைக் காட்டினார். "கேளு, நம்ம தங்கச்சி" என்றார். லீவு கிடைக்காததால் அவள் கல்யாணத்துக்கு வரவில்லை, அதனால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு அந்தக் குரல் அறிமுகம். எழுத்துக்கு எழுத்து தெளிவாக, அவசரமில்லாமல், கைப்பிடித்துக் கூட்டிப்போய் வண்டியில் ஏற்றிவிடுவது போல இருக்கும். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. என்னைவிட ஒரு வயது சின்னவள்.

எங்கள் வீட்டில் கடிகாரம் ஓடினாலும் ஒன்றுதான், நின்றாலும் ஒன்றுதான். அவள் ஏழு பத்து வண்டியைச் சொன்னால் இவர் சவரத்தை முடித்தாக வேண்டும். எட்டே காலைச் சொன்னால் நான் பிள்ளைகளுக்குத் தலை வாரி முடித்திருக்க வேண்டும். அவள் அறை என்பது கண்ணாடி வைத்த ஒரு பெட்டி. பச்சைத் துணி விரித்த மேசை, ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர், கைக்குட்டை சுற்றிய மைக். எனக்குத் தலைப்பிள்ளை பிறக்கும்போது, எந்தக் கடையில் நிற்கிறார் என்று தெரியாத தன் அண்ணனை, "காகித ஆலை ஊழியர் உடனே வீட்டுக்குச் செல்லவும், நல்ல விஷயம்" என்று ஊரே கேட்கச் சொல்லி வரவழைத்தாள். ஆலையில் வேலை செய்த ஏழு பேர் அன்று அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாம் குரலைக் கேட்டு வந்தார்கள், பேச்சைக் கேட்டுத் திரும்பிப் போனார்கள். "எனக்கு என்ன அண்ணி குறை? நான் சொன்னா நூறு பஸ் கிளம்புது. எந்தப் புருஷன் கிளம்புவான்?" என்பாள்.

முப்பத்து மூன்று வயதில் அந்தக் கண்ணாடி அறைப் படியில் வழுக்கி, மேசை விளிம்பில் தாடையை இடித்துக்கொண்டாள். கீழ் வரிசையில் இரண்டு கோரைப்பற்களும் கறுத்து, வலியில் துடித்துப்போனாள். ஆலைக்காரர்களுக்கென்று ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அட்டை உண்டு, தங்கைக்குக் கிடையாது. என் வீட்டுக்காரர் யோசிக்கவேயில்லை. என் அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "அண்ணி பேர்ல போயிட்டு வா. பல்லு போய் பேரு சொல்லவா போவுது?"

நானும் துணைக்குப் போனேன். நர்ஸ் வந்து என் பெயரைக் கூப்பிட, நான் எழுந்துவிட்டேன். இவள் என் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, தான் எழுந்து போனாள். நாலு முறை போய் வந்ததில் வேருக்குள் சுத்தம் செய்து, மேலே உறை போட்டு, பல் நின்றுவிட்டது. இரண்டு வருஷம் கழித்து அதே அட்டையோடு நான் போய், என் மேல் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அதோடு எல்லாரும் அதை மறந்துவிட்டோம்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று நடந்தபோது ஈறு கெட்டது. கீழே முன்பற்கள் நாலும் ஆடி ஆடி ஒவ்வொன்றாக விழுந்தன. அந்தப் பழைய கோரைப்பல் இரண்டு மட்டும் வாசல் தூண் மாதிரி இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக நின்றன. நடுவில் காற்று. 'பஸ்' என்று சொன்னால் குக்கர் விசில் அடித்தது. மேடையில் நிற்கிறவர்கள் சிரித்தார்கள். ஒரு நாள் நிலைய மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார்.

"அக்கா, மேலிடத்துலேருந்து வர்ற மாசம் ஆள் வர்றாங்க. அறிவிப்புல இருக்கிற எல்லாரையும் பேசச் சொல்லிக் கேப்பாங்க. இப்படியே பேசினீங்கன்னா பார்சல் கவுன்டருக்கு மாத்திருவாங்க. என் கையில இல்ல."

அவள் வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். "முப்பத்து நாலு வருஷம் அண்ணி. மூட்டைக்கு நம்பர் ஒட்டவா நான் பிறந்தேன்?" அதற்கு மேல் அன்று பேச்சே இல்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

எங்கள் ஊரில் பல் கட்டக் கேட்ட தொகைக்கு ஒரு வீட்டுக்குக் கூரையே போட்டுவிடலாம். எல்லையைத் தாண்டி எட்டு மணி நேரம் பஸ்ஸில் போனால், பக்கத்து நாட்டில் ஒரு தெரு முழுக்கப் பல் டாக்டர்கள், கால் பங்கில் முடித்துவிடுவார்கள் என்று பேச்சு. என் பெரியப்பா மருமகன் அங்கே போய் வாய் நிறையப் பல் கட்டிக்கொண்டு வந்து, இழவு வீட்டில்கூடச் சிரித்துக்கொண்டு நின்றவர். அவரிடம் விலாசம் வாங்கி, அவளுக்குப் பதினைந்து நாள் லீவு போட்டு, நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம்.

அந்தத் தெருவில் கடைக்குக் கடை பல் படம்தான். பலகையில் சிரிக்கிற வாய்க்கு முகமே இருக்காது. மாடியில் ஒரு அறை எடுத்துத் தங்கினோம். எங்கள் பக்கத்து ஆட்கள் நிறைய வருவதால், டாக்டரம்மாவுக்கு நம் பேச்சு நன்றாகவே வந்தது. எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு வழி இருக்குதும்மா. இந்தக் கோரைப்பல் ரெண்டும் தாங்கும்னா, அதுக்கு மேல பாலம் மாதிரி ஆறு பல்லைக் கட்டிடலாம். பத்து நாள் போதும். ஆனா இதோ பாருங்க, வேர் நுனியில கறுப்பா ஒரு நிழல். இது பழைய புண்ணோட தழும்பா, புதுசா வளர்ற சீழா, எனக்குத் தெரியல. சீழ்னா ரெண்டையும் எடுத்துட்டு, எலும்புல திருகு வெச்சு, ஆறு மாசம் காத்திருக்கணும்."

"ஆறு மாசமா? அதுக்குள்ள என்னை மூட்டை கட்டிருவாங்களே" என்றாள் மைக்கு.

"அப்ப சிகிச்சை பண்ணின இடத்துல பழைய எக்ஸ்ரே இருக்கும். அதை வாங்கிக் குடுங்க. அப்பவே நிழல் இருந்து, இப்ப சின்னதாகியிருந்தா, அது ஆறின புண்ணு. நான் தைரியமா கட்டுவேன்."

மைக்கு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருபது வருஷம் கழித்துப் பல் பேரைச் சொல்லக் கிளம்பிவிட்டது.

அறைக்கு வந்ததும் அவள் சொன்னாள். "வேணாம் அண்ணி. உங்க அட்டையில நான் போனேன்னு சொன்னா அண்ணனை என்ன கேப்பாங்களோ. பல்லைப் பிடுங்கிக்கிறேன். பார்சலுக்கே போறேன்."

"நீ பார்சலுக்குப் போனா எங்க வீட்டுல யாரு சவரம் பண்ணுவா?" என்று சொல்லிவிட்டு நான் டெலிபோன் கடைக்கு இறங்கிப் போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஃபைல் அறைக்காரர் எடுத்தார். நான் என் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தேடிவிட்டு, "இருக்குதும்மா. பழைய படம் எல்லாம் கவர்ல இருக்குது. உங்களுக்கு எதுக்கு?" என்றார். எனக்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. ஒரு பொய் அவ்வளவு வருஷம் தூங்கியதே போதும் என்று தோன்றியது.

"எனக்கு இல்ல தம்பி. என் நாத்தனாருக்கு."

"அடுத்தவங்க ஃபைலை எப்படிம்மா குடுக்கிறது? அந்த ஃபைலுக்கு ஆளு யாரு?"

"பேரு என்னுது. பல்லு அவளுது."

அந்தப் பக்கம் அவர் ஃபைலைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "பெரிய டாக்டரைக் கேட்டுச் சொல்றேன், நாளைக்குக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார். மறுநாள் பெரிய டாக்டரே பேசினார். நடந்ததை நடந்தபடி எழுதி, பேருக்குச் சொந்தக்காரியும் பல்லுக்குச் சொந்தக்காரியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், படத்தைத் தருகிறேன் என்றார்.

மைக்கு அண்ணனுக்குப் போன் போட்டு அழுதாள். அவர் ரிட்டயராகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "எழுதிக் குடு. வீட்டுல உக்காந்திருக்கிறவனை வேலையை விட்டு எங்க தூக்குறது?" என்றார். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அவள் எழுத, நான் கையெழுத்துப் போட்டேன். என் பெயர் அந்தத் தாளில் கோணல்மாணலாக, அவள் பெயருக்கு மேலே நின்றது.

அந்தக் கடிதம் தபாலில் போகவில்லை. தபால் என்றால் லீவு முடிந்துவிடும். நாங்கள் பஸ் நிற்கிற இடத்துக்குப் போனோம். எங்கள் ஊர் வண்டி டிரைவருக்கு அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. "தம்பி, மூணாவது மேடை வண்டியா?" என்று அவள் கேட்டதும் ஸ்டியரிங்கை விட்டு இறங்கிவிட்டார். "அக்கா, நீங்களா? என்ன விசில் எல்லாம் அடிக்கிறீங்க?" கடிதம் அவர் சட்டைப் பைக்குள் போனது. அங்கே என் வீட்டுக்காரர் வாங்கி ஆஸ்பத்திரியில் கொடுத்து, பழுப்புக் கவரை வாங்கி, எதிர் வண்டியில் ஏற்றிவிட்டார். எங்களுக்கு ஏழாவது நாள் காலையில் கவர் கைக்கு வந்தது.

டாக்டரம்மா முதலில் குறிப்பைப் படித்தார். புருவம் ஏறியது.

"மேல் கடைவாய்ப்பல் பிடுங்கியாச்சுன்னு இருக்குதே. உங்க வாயில அது இருக்குது. இது யாரோட ஃபைல்?"

வெட்கப்பட்டு அவரிடம் மட்டும் சொல்லாமல் விட்டிருந்தோம். நான் எழுந்து, "பிடுங்கினது என் பல்லு டாக்டர்" என்றேன்.

"ரெண்டு பேர் கலந்த ஃபைலை நம்பி நான் எப்படிக் கட்டுறது? இந்தக் கோரைப்பல் படம் உங்களுதா, அவங்களுதா?"

சாட்சிக்கு நாங்கள் எங்கே போவது? நான் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நாற்காலியில் ஏறிப் படுத்துவிட்டேன். "என் வாயைப் பாருங்க. கீழ வரிசையை யாரும் தொட்டதில்ல." அவர் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். மேலே ஒரு பல் இல்லாத இடம் இருந்தது. கீழே கோரைப்பல் இரண்டும் பிறந்த மேனிக்கு இருந்தன. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். இரண்டிலும் இடது பல்லின் வேர் நுனி ஒரே மாதிரி வளைந்திருந்ததை எங்களுக்கும் காட்டினார். பழைய படத்தில் நிழல் மிளகு அளவுக்கு இருந்தது. இப்போது கடுகு அளவுதான்.

"ஆறின புண்ணு" என்றார். "ரெண்டு பேரை ஒரே ஃபைல்ல போட்டது யாரு?"

"என் அண்ணன்" என்றாள் மைக்கு. அவ்வளவு பெருமையாகச் சொன்னாள்.

மூன்று நாள் லீவை நீட்டச் சொல்லித் தந்தி கொடுத்துவிட்டு, பாலம் கட்டி முடித்துத் திரும்பினோம். புதுப் பல் நாக்கில் இடித்தது. எட்டு மணி நேரமும் ஜன்னலோரம் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு ஊரின் பெயரையும் நிறுத்தத்தையும் சொல்லிச் சொல்லிப் பழகினாள். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் இரண்டு முறை இறங்க எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். "அக்கா, வண்டியை நான் ஓட்டுறேனா, நீங்க ஓட்டுறீங்களா?" என்று கேட்டார் டிரைவர்.

மேலிடத்து ஆட்கள் வந்த அன்று நான் வீட்டுப் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். பத்து நாற்பது வண்டியை அவள் சொன்னாள். விசில் இல்லை. வலது பக்கம் கொஞ்சம் தடித்திருந்தது, அது எனக்கு மட்டும் தெரிந்திருக்கும். இவர் உள்ளே கன்னத்தில் சோப்போடு நின்றுகொண்டிருந்தார். கேட்டு முடிந்த பிறகுதான் கத்தியை எடுத்தார். அவளை மாற்றவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்களைக் கூப்பிட்டு, கடிந்துகொண்டு, ஃபைலை இரண்டாகப் பிரித்தார்கள். அவளுக்கு அவள் பெயரிலேயே ஒரு மெல்லிய ஃபைல் கிடைத்தது. ஐந்து வருஷம் கழித்து அவள் ரிட்டயரானாள். பிறகு அந்தக் கண்ணாடி அறையை எடுத்துவிட்டார்கள், இப்போது ஒரு இயந்திரம் பேசுகிறது. எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனால் அதைக் கேட்டு யாரும் எங்கள் வீட்டில் சவரம் செய்ததில்லை. இவரும் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது.

மைக்குக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. என்னோடுதான் இருக்கிறாள், பஸ் நிலையத்துக்குப் பின்னால், அதே வீட்டின் முன்னறையில். பல் உறுதியாக இருக்கிறது.