பெயின்டுக்குள் போன சேசிஸ் நம்பர்

சொந்தமாக லாரி வாங்குவதுகூடப் பெரிய காரியமில்லை. அதற்கு ஒரு நம்பர் வாங்கி முன்னாலும் பின்னாலும் மாட்டுவதுதான் காரியம். அலைந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் செருப்பைக் கேட்டாலே சொல்லும்.

திண்டுக்கல்லில் ஒரு முதலாளிக்குப் பத்தொன்பது வருஷம் வண்டி ஓட்டினேன். அறுபத்தோரு வயதில்தான் எனக்கென்று ஒரு பத்துச் சக்கர லாரி வாங்கினேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு மண்டிக்காரர், "திங்கக்கிழமைக்கு நம்பரோட வந்துருங்க, வாரம் மூணு நடை உங்களுக்குத்தானுங்க" என்று சொல்லியிருந்தார். நான் போகாவிட்டால் அந்த நடை வேறு யாருக்கும் போகாது, என் பழைய முதலாளிக்குத்தான் போகும். வண்டியின் தற்காலிகப் பதிவோ அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டிப் பாஸ் பண்ணியாக வேண்டும்.

ஓனர் எங்கே?

முதல் நாள் கவுன்டரில் இருந்த பையன் என் காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டு, "ஓனரை வரச் சொல்லுங்க, கையெழுத்து வேணும்" என்றான். நான்தான் ஓனர் என்றேன். ஃபாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப டிரைவர் யாரு?" அதுவும் நான்தான் என்றேன்.

என்னை அப்படியொரு பார்வை பார்த்ததை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் சீலைக் குத்திக்கொண்டே அவன் கேட்டதற்குச் சிரிக்காமலும் இருக்க முடியவில்லை: "அப்ப உங்க வண்டில யாரு யாரத் திட்டுவாங்க?"

இடம் விடாத பெயின்டர்

வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு பட்டறையில்தான் பாடி கட்டினேன். அங்கே பெயின்டர் சவரிமுத்து. வேலைக்காரன்தான், இல்லையென்று சொல்லவில்லை. எங்களை மாதிரி சொந்தமாக ஓட்டுகிறவன் வண்டி என்றால் அவனுக்குப் பாசம் அதிகமாகிவிடும். பாடிக்கு அடித்தது போதாதென்று, அடியில் குனிந்து சேசிஸ் இரும்புக்கும் கறுப்புப் பெயின்ட் மூன்று கோட்டு அடித்துவிட்டான்.

வலது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் அந்த இரும்பில்தான் சேசிஸ் நம்பரைக் குத்தியிருப்பார்கள். எந்தப் பட்டறையிலும் முதலில் அதன்மேல் கிரீஸைத் தடவிக் காகிதம் ஒட்டிவிட்டுத்தான் பெயின்ட் டப்பாவைத் திறப்பார்கள். இவன் ஒட்டவில்லை. வண்டி எடுக்கப்போன எனக்கும் பளபளப்பைப் பார்த்ததில் கண் தெரியவில்லை. சவரிமுத்து பெருமையாகச் சொன்னான்: "ஓனர் வண்டியாச்சே அண்ணே, ஒரு இடம் விடல!"

காகிதத்தில் ஒன்றுமில்லை

மண்டிக்காரர் சொன்ன நாளுக்குச் சரியாக ஒரு வாரம் முந்தின திங்கட்கிழமை, பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். விளக்கு, பிரேக், ஸ்டிக்கர் எல்லாம் சரி. "சேசிஸ் அச்சு எடுங்க" என்றார். நம்பர் மேல் வெள்ளைக் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து அப்படியே காகிதத்தில் பதியும். நான் தேய்த்தேன். காகிதம் முழுக்கக் கறுப்பு. இன்னொரு காகிதம், அதுவும் அப்படியே.

உப்புக் காகிதம் போட்டுத் தேய்க்கவா என்று கேட்டேன். "தேய்ச்சு ஒரு எழுத்து மழுங்குச்சுன்னா, நம்பரை மாத்துன வண்டின்னு கேஸாயிரும். ஜாக்கிரதை. புதன்கிழமை கொண்டு வாங்க" என்றார். காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "பெரியவரே, நான் நம்பர் கேட்டேன், நீங்க அமாவாசையக் குடுக்குறீங்க" என்றார்.

விளக்குமாற்றுக் குச்சி

சவரிமுத்துவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அன்றிலிருந்து அவன் வாங்கித் தரும் டீயை நான் குடிப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் தின்னரும் பழைய துணியுமாக வண்டிக்கு அடியில் போனேன். மேல் பெயின்ட் வந்தது. குத்திய எழுத்துக்குள் இறங்கிய பெயின்ட் வரவில்லை. ஆணியால் நோண்டப் பயம். என் வீட்டுக்காரி பாக்கியம் நிலக்கோட்டைக்காரி, கல்யாணத்துக்கு முன்னால் மல்லிகை கட்டிய விரல். விளக்குமாற்றுக் குச்சி ஒன்றைத் தின்னரில் நனைத்துக்கொண்டு, "தள்ளிக்கங்க" என்று உள்ளே வந்து மல்லாந்து படுத்துவிட்டாள்.

பதினேழு எழுத்து. மதியச் சோறுகூட இல்லாமல் ஒவ்வொன்றாக எடுத்தாள். முகமெல்லாம் கறுப்பு. வெளியே வா, நான் பார்க்கிறேன் என்றேன். படுத்தபடியே சொன்னாள்: "அடுத்தவன் வண்டிக்குக் கீழ நீங்க அம்புட்டு வருஷம் படுத்தீகள்ல, நம்ம வண்டிக்குக் கீழ நான் ஒரு நாள் படுக்கக் கூடாதாக்கும்?"

ஒரு முழம் ஸ்டிக்கர்

புதன்கிழமை அச்சில் பதினேழும் அச்சடித்த மாதிரி விழுந்தன. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். நான் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

அங்கேதான் பழைய முதலாளி, பழைய வண்டிகளுக்குத் தகுதி பார்க்கும் எஃப்.சி.க்கு வண்டியோடு நின்றார். ஒரு மூலையில் ஒளிரும் ஸ்டிக்கர் உரிந்திருந்ததால் அவர் வண்டியை நிறுத்திவிட்டார்கள். என் வண்டிக்கு ஒட்டியது போக என்னிடம் மிச்ச ரோல் இருந்தது. "மாரியப்பா, அதுல செத்த குடுப்பா" என்றார். கையால் அளந்து சரியாக ஒரு முழம் வெட்டிக் கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் கொடுத்தால் என்ன என்றார். "என் மக கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு கேட்டேன், ஒரு நாள்தான் குடுத்தீக. அதுக்கு இதுதான்" என்றேன்.

அவர் ஸ்டிக்கரையும் என்னையும் பார்த்தார். "உன் லாரியக் காட்டிலும் உன் மனசுல லோடு சாஸ்திடா."

கூட்டினால் எட்டு

சனிக்கிழமை பெர்மிட்டும் வந்தது, பிளேட்டும் வந்தது. பிளேட்டைக் கழற்ற முடியாமல் இறுக்கும் பூட்டு ஆணி 'டக்'கென்று விழுந்தது. பார்த்தவனெல்லாம் நம்பரை விரல் விட்டுக் கூட்டி, "எட்டு வருதேப்பா, ராசியில்லாத நம்பராச்சே" என்றான். எண்பது வந்தாலும் கழற்ற மாட்டேன் என்றேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஒட்டன்சத்திரத்தில் நின்றேன். மண்டிக்காரரும் பிளேட்டை உற்றுப் பார்த்தார். அவர் ஆட்களைக் கூப்பிட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்: "முருங்கைக்காய்க்குக் கூட்டல் தெரியாதுங்க, வண்டியப் பின்னால எடுங்க, வெயிலுக்கு முந்தி ஏத்திப்போடலாம்."

மூன்றாம் வகுப்போடு நின்ற நான் ஆயுசில் பாஸான ஒரே பரீட்சை இதுதான். அதையும் என் பொண்டாட்டிதான் எழுதிக் கொடுத்தாள்.