செனைதா விழுங்கிய கனவு

குவாஹிரா வறள்நிலத்தில் செனைதா புஷைனாவை ஓட்டைவாய் என்றுதான் சொல்வார்கள். ஆடு மேய்த்து, படுக்கைத் தூளி பின்னி, நாற்பது வயதுவரை ஒரு சேதியையும் வயிற்றில் வைத்துக்கொள்ளாமல் வாழ்ந்தவள். அங்குள்ள வாயூ பழங்குடிகளில் விடிந்ததும் முதல் கேள்வியே என்ன கனவு கண்டாய் என்பதுதான். செத்தவர்கள் கனவில் கேட்டதை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் குடியே கூடி நிறைவேற்றும். அதற்குமேல் பேச்சில்லை.

காற்றாலைக்காரர்கள் குடியை ஒட்டிய மேட்டில் காற்றை அளக்கும் கம்பம் நட்டு ஒரு வருடம் பார்த்தார்கள். வேறெங்கும் இல்லாத காற்று அங்கே விடாமல் வீசியது. எந்த இடம் தேர்வாகிறதோ அந்தக் குடிக்கு ஆழ்குழாய்க் கிணறு என்று பேச்சு. செனைதாவின் மகள் லுஸ்தாரி குடித்தது குட்டைத் தண்ணீர். போன கோடையில் வயிற்றுப்போக்கில் அவள் பிழைத்ததே பெரிது.

இடம் முடிவாகும் நாள் விடியலில் செத்துப்போன அக்கா கனவில் வந்தாள். ஆடு தேடிப் போய் அந்த மேட்டிலேயே விழுந்து செத்தவள். காற்றுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். கூந்தல் மட்டும் காற்றை எதிர்த்துப் பறந்தது.

"இது நான் ஒக்காந்திருக்கிற எடம்டி. இங்க நடணும்னா, எனக்குத் தொணைக்கு ஒரு ஆளக் குடுத்துட்டு நடச் சொல்லு."

காலையில் அண்ணன் அத்திலானோ கேட்டபோது, கண்ணை மூடவே இல்லை என்று சாதித்துவிட்டாள். பொய் பழகாத நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மேட்டில் இன்ஜினியர், கல்லறை உண்டா, யாருக்காவது மறுப்பு உண்டா என்று கேட்டார். எலும்புகளையெல்லாம் குலத்து இடுகாட்டுக்கு எப்போதோ மாற்றியாயிற்று என்றான் அத்திலானோ. அது உண்மை. பிறகு எல்லோரும் செனைதாவைப் பார்த்தார்கள். அவள் மகளின் குச்சிக் கையைப் பற்றிக்கொண்டு சொல்ல வந்ததை மென்று முழுங்கினாள். பெற்ற வயிறு, யார் குறை சொல்ல முடியும்?

இடத்தைக் குறிக்கச் சிவப்புக் கொடியை ஊன்றினார்கள். அந்த நேரம் கம்பத்து உச்சியில் சுழன்றுகொண்டிருந்த காற்றளவுக் கிண்ணங்கள் நின்றுபோயின. பெண்களின் அங்கிகள் மட்டும் படபடத்துக்கொண்டே இருந்தன. கருவிக் கோளாறு என்றார் இன்ஜினியர்.

மறுநாள் காலை மாமன் அத்திலானோ வழக்கம்போல லுஸ்தாரியிடம் கனவு கேட்டான். அவள் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒரு பொம்பள வந்தாங்கம்மா, அசப்புல ஒன்ன மாதிரியே. ஒங்கம்மாகிட்ட கேட்டேன், வாயே தெறக்கல, நீயாச்சும் பதில் சொல்லுன்னாங்க."

செனைதா மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நீ என்னடி சொன்ன?"

"பாவமா இருந்துச்சும்மா. வரேன்னு சொல்லிட்டேன்."