ஸ்டெல்லாவின் தினப்படி

ஸ்டெல்லா இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு பட்டியலைத் திரையில் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். கம்பெனி பஸ்ஸில் வருபவர்களின் பட்டியல், ஒரு பக்கத்துக்கு இருபது பெயர். அவருடைய கணவர் லாரன்ஸ் அண்ணன் ஃபோனில் கூப்பிட்டு, "ஸ்டெல்லா போய்ட்டாபா" என்றார். "எங்கே?" என்று கேட்டுவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் 'போய்ட்டாங்க' என்றால் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தவர், தேறி வருகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். "சாய்ந்தரம் பென்னலூர் கோயில்ல ஜெபம்" என்றார் அண்ணன். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இதைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் அவரோடு ஃபோனில் மட்டும் பேசியவர்கள். ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கிற கம்பெனிகளின் எச்.ஆர். ஆட்கள், ஹாஸ்டல் வார்டன்கள், கேன்டீன் நடத்துகிறவர்கள். உங்களுக்காக ஒரு வார்த்தை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டயர்க் கடை மாடியில் ஆறு பேர் உட்கார்ந்து கேட் பாஸ், வருகைப் பதிவு, பஸ், சாப்பாடு எல்லாவற்றுக்கும் பி.எச்.பி. என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதுகிறோம். அடித்தளமான வேலையை ஃபிரேம்வொர்க் என்கிற ஆயத்த மென்பொருள் பார்த்துக்கொள்ளும், மேலே சுவர் எழுப்புவது எங்கள் வேலை. ஸ்டெல்லா இங்கே வருவதற்கு முன் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் எட்டு வருஷம் உற்பத்தி லைனில் நின்றவர். நின்றுகொண்டே தபால் வழியில் பி.சி.ஏ. முடித்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனால் வேலையில் நான் சீனியர். பொறியியல் பட்டம் வேறு வைத்திருந்தேன். பட்டம் என்னிடமும் விஷயம் அவரிடமும் இருந்ததை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

வந்த முதல் வாரமே ஒரு கோப்பு தொடங்கினார். பெயர் 'தினப்படி'. அன்றாடம் திரும்பத் திரும்ப வருகிற வேலைகளுக்கு என்ன செய்வது என்று அவர் பேசுகிற தமிழிலேயே எழுதி வைப்பார். 'ஒரே பட்டன ரெண்டு தபா அமுக்கினா இன்னா பண்றது.' 'ஃபோட்டோ பெருசா வந்தா சின்னதாக்கறது.' 'பாதி ஃபார்ம்ல கரண்ட்டு போனா.' தலைப்புக்குக் கீழே நாலு வரி புரோகிராம் (நாங்கள் 'கோடு' என்போம்), அதற்குக் கீழே ஒரு எச்சரிக்கை. ஃபிரேம்வொர்க்கின் ஆங்கிலக் கையேட்டைத் தேடிப் படிக்கச் சோம்பல்பட்ட நாங்கள் எல்லோரும் ரகசியமாக அதைத்தான் திறப்போம்.

நான் எழுதிய பதிவுப் படிவம் ஒன்றில் கடைசிப் பெயர் கட்டாயம், மூன்று எழுத்தாவது வேண்டும் என்று விதி வைத்திருந்தேன். நம் ஊரில் ஏது கடைசிப் பெயர்? ஒற்றை இனிஷியலோடு பிறந்து வளர்ந்த பெண்கள் என்ன செய்வார்கள்? ஒருத்தி 'இல்லை' என்று போட்டாள், படிவம் ஏற்றுக்கொண்டது. பக்கத்தில் நின்றவர்களும் பார்த்து அதையே போட்டார்கள். ஸ்டெல்லா பட்டியலை என் திரையில் திறந்து, "முரளி, இந்த 'இல்லை' வூட்டுக்காரங்க ரொம்பப் பெரிய குடும்பம்போல கீது. எல்லாரும் ஒரே கம்பெனியில சேந்துக்கீறாங்க" என்றார். அன்று முழுக்க அலுவலகத்தில் என்னை 'இல்லை முரளி' என்றுதான் கூப்பிட்டார்கள்.

இன்னொரு முறை ராத்திரி ஷிஃப்ட் பெண்களுக்கு வாரத்தில் பாதி நாள் ஆப்சென்ட் விழுந்தது. தேதி வாரியாக எண்ணும்படி எழுதியிருந்தேன், அதுதான் காரணம். "பத்து மணிக்கு உள்ள போனவ ஆறு மணிக்குத்தான் வெளிய வருவா. நடுவுல தேதி மாறிச்சின்னு உன் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். அவளுக்கு அது ஒரே நாளு" என்றார் ஸ்டெல்லா. எட்டு வருஷம் அந்த ஒரே நாளை வாழ்ந்து பார்த்தவர் சொன்னால் எதிர்த்துப் பேச முடியுமா? மாற்றி எழுதினேன்.

அவரும் தப்பே செய்யாதவர் இல்லை. 'அட்டெண்டன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டு ஓர் அட்டவணைக்குப் பெயர் வைத்தார். நாங்கள் கவனிப்பதற்குள் அந்தப் பெயர் புரோகிராமில் எத்தனையோ இடங்களில் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் நாங்கள் அதை வேண்டுமென்றே தப்பாகத்தான் அடிக்கிறோம். சாப்பாட்டு வேளையில் அடுத்தவர் டப்பாவில் கை வைப்பதற்கு அனுமதி கேட்கும் வழக்கமும் அவருக்குக் கிடையாது.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருகிற கதை இல்லை. வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலைக்கு ஒப்பந்த ஆட்களின் பதிவுக்கான புரோகிராமை எழுதிக்கொடுத்தேன். வேலை கேட்டு வருபவருக்கும் வேலையில் இருப்பவருக்கும் ஒரே அட்டவணை. 'இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் புதிதாகச் சேர்' என்று ஃபிரேம்வொர்க்கில் ஒரே வரியில் ஒரு கட்டளை உண்டு. அழகான கட்டளை. இருக்கிறாரா என்று எதை வைத்துப் பார்ப்பது? நான் ஃபோன் நம்பரை வைத்தேன்.

ஒருநாள் காலை அந்தக் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. குமுதா என்ற பெண் கேட்டில் அட்டையைக் காட்டினாள், திரையில் வேறு பெண்ணின் முகமும் பெயரும் வந்தன. இரண்டு வருஷமாக வேலை செய்கிறவள். ஆள் மாறாட்டம் என்று சொல்லி வெளியே நிறுத்திவிட்டார்கள். வேலையும் போகும், இனி இந்தப் பக்கம் எந்தக் கம்பெனியும் சேர்க்காது. நான் அட்டவணையைப் பார்த்தேன். யாரோ விவரத்தை மாற்றிப் போட்டிருப்பதாகத் தெரிந்தது. 'பயனர் பிழை' என்று எழுதிப் புகாரை மூடினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மூடிய புகாரை ஸ்டெல்லா திறந்து பார்த்தார். அந்தக் கேட்டுக்கு ஃபோன் போட்டு, செக்யூரிட்டியிடம் கெஞ்சி, அந்தப் பெண்ணிடமே கொடுக்கச் சொல்லிப் பேசினார். பேசி முடித்து என்னிடம் வந்தார்.

"அக்கா தங்கச்சி. வூட்டுக்கு ஒரே ஃபோனு, அம்மாவோடது. நேத்து தங்கச்சிக்காரி வேலைக்கு எழுதிப் போட்டுக்கீறா. அதே நம்பரு."

தங்கையின் படிவத்தைக் கொண்டுபோய் என் ஒற்றை வரி அக்காவின் மேல் எழுதிவிட்டது.

"பேக்கப்லேருந்து பழையத எடுத்துப் போட்டுடறேன். பத்து நிமிஷ வேல. சரியாயிடுச்சின்னு ஒரு மெயில் போட்டா முடிஞ்சிது" என்றேன்.

"கம்ப்யூட்டர்ல டேபிளு சரியாயிடும் சார்" என்றார் ஸ்டெல்லா. கோபம் வந்தால்தான் என்னைச் சார் என்பார். "அந்தப் பொண்ண கேட்டாண்ட நிக்க வெச்சு, பத்து பேரு எதிர்ல திருட்டுப் பட்டம் கட்டிக்கீறாங்க. அத எந்த பேக்கப்லேருந்து எடுப்பீங்க?"

நான் மழுப்பினேன். அந்தக் கம்பெனி எங்களுடைய பெரிய வாடிக்கையாளர், முதலாளி ஊரில் இல்லை, எழுத்தில் ஒப்புக்கொண்டால் விஷயம் பெரிதாகும் என்று என்னென்னவோ சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என்னென்ன வேண்டுமோ எல்லாம் அரை மணி நேரம் தேடினேன். கடைசியில், "நீங்களே போய்ப் பேசுங்க, நீங்க நல்லாப் பேசுவீங்க" என்றேன். "கோடு உன்து. வாயும் உன்துதான்" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா கீழே இறங்கினார். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஸ்கூட்டியை வெளியே எடுத்து, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, மேலே பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பயந்துதான் இறங்கினேன்.

குமுதா செக்யூரிட்டி அறைக்கு வெளியே மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எச்.ஆர். அதிகாரி வெளியே வந்தார். நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"சார், இவங்க மேல எந்தத் தப்பும் இல்ல. என் புரோகிராம்தான் இவங்க தங்கச்சி விவரத்த இவங்க மேல எழுதிடுச்சு."

"காலையில பயனர் பிழைன்னு போட்டிருந்தீங்களே?"

"அதுவும் நான்தான் சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுதிக் கொடுக்கச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். செக்யூரிட்டிக்காரர் எழுந்து வந்து குமுதாவின் அட்டையை அவள் கையில் கொடுத்தார். அவள் எனக்கு நன்றி சொல்லவில்லை, எதற்குச் சொல்ல வேண்டும்? "அப்ப என் தங்கச்சி எழுதிப் போட்டது போச்சா சார்?" என்றுதான் கேட்டாள். ஸ்டெல்லா கேட் அருகிலேயே வாய்விட்டுச் சிரித்தார். அக்காவின் பழைய விவரத்தை மீட்டு, தங்கையைத் தனியாக, புதிதாகச் சேர்த்தோம்.

திரும்பி வந்ததும் 'தினப்படி'யில் ஒரு தலைப்பு ஏறியது: 'இருந்தா திருத்து, இல்லன்னா சேரு.' நாலு வரி கோடு. கீழே எச்சரிக்கை: 'இருந்தான்னா யாரு இருந்தா? ஃபோன் நம்பரு ஆளு இல்ல. ஆளுக்கு ஒரு நம்பர நாமளே குடுக்கணும்.' என் பெயரை எங்கும் எழுதவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சம்பவத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நானாக எடுத்தபோதும், "வேல கீது முரளி, பாரு" என்று முடித்துவிட்டார்.

பென்னலூர் கல்லறையில் மண் போட்டுவிட்டு நகர்ந்தபோது இரண்டு பெண்கள் ஷிஃப்ட் முடிந்த யூனிஃபார்மோடு ஓரமாக நின்றிருந்தார்கள். குமுதாவும் தங்கையும். குமுதா இப்போது ஒரு லைனுக்கே லீடர். என்னை அடையாளம் கண்டு வந்தாள்.

"அன்னிக்கு கேட்டாண்ட ஒரு லெட்டர் குடுத்து கையெழுத்து போடச் சொன்னாங்க சார். நான்தான் தப்பு பண்ணேன்னு. போட்டுட்டு ஊருக்குப் போயிடலாம்னு இருந்தேன். அப்பதான் அக்கா ஃபோன்ல வந்தாங்க. எதுலயும் கையெழுத்து போடாத, அங்கயே உக்காரு, எங்க ஆபீஸ்ல முரளின்னு ஒருத்தர் கீறாரு, தப்பு அவரோடது, அவரே வந்து சொல்வாருன்னு சொன்னாங்க. அத நம்பித்தான் உக்காந்துக்கினு இருந்தேன்."

கல்லறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த ஃபோனை வைத்த பிறகுதான் ஸ்டெல்லா என் மேஜைக்கு வந்தார். அதற்குப் பிறகுதான் நான் அரை மணி நேரம் மாட்டேன் என்று மல்லுக்கட்டினேன். அவர் அந்தப் பெண்ணிடம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், அதை என்னிடம் ஒரு முறைகூடச் சொல்லிக் காட்டவில்லை.

'தினப்படி' அலுவலகத்துக்குச் சொந்தம், எல்லோரும் திறக்கிறார்கள், நானும் திறக்கிறேன். எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவர் என்னைப் பற்றி இன்னொருத்தியிடம் சொன்ன ஒரு வார்த்தை மட்டும்: அவரே வந்து சொல்வாரு. அன்று காலை நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஸ்டெல்லா சொல்லிவிட்டதால், மத்தியானத்துக்குள் அப்படி ஆக வேண்டியதாயிற்று.